பவுடர் பால் கொடுத்தால் தாய்ப்பால் வற்றிவிடுமா? 9 நாள் குழந்தையின் அப்பாவுக்கு ஒரு பதில்

தம்பி, "எந்த பவுடர் பால் நல்லது?" என்று ஒரு வரியில் கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு மேலே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. சிசேரியனில் பிறந்த பெண் குழந்தை, இன்றோடு 9 நாள். பிறந்தபோது 2.900 கிலோ, நேற்று 2.640. ஒரு நாளைக்கு நாலு தடவைதான் சிறுநீர் போகிறாள். உங்கள் மனைவி பம்ப் வைத்து எடுத்தால் 15 மில்லி வருகிறது. தாய்ப்பால் கொடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பவுடர் பால் கொடுக்கச் சொல்லிவிட்டார் குழந்தை டாக்டர். உங்கள் அம்மா "அவளுக்குப் பாலே ஊறலை, புட்டிக்கு மாத்திடு" என்கிறார். மாமியாரோ "பவுடர் பாலைத் தொட்டால் இருக்கிற பாலும் வற்றிடும்" என்கிறார். நடுவில் உங்கள் மனைவி அழுதுகொண்டிருக்கிறார். ஆக, நீங்கள் கேட்பது இரண்டு விஷயம்: நிஜமாகவே பால் போதவில்லையா? பவுடர் பால் கொடுத்தால் தாய்ப்பால் நின்றுவிடுமா?

முதலில் சுருக்கமான பதில். நீங்கள் சொன்ன எடையும் சிறுநீர்க் கணக்கும் சரி என்றால், குழந்தைக்கு இப்போது கூடுதல் பால் வேண்டும். டாக்டர் சொன்னபடி இன்றே கொடுங்கள், தயங்க வேண்டாம். அதனால் தாய்ப்பால் வற்றாது. அதை வற்ற வைப்பது வேறு ஒன்று, அதைக் கீழே சொல்கிறேன். நான் அரசு மருத்துவமனையில் 27 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். முதலில் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு, அப்புறம் பச்சிளங்குழந்தைகள் பிரிவு. நான் டாக்டர் இல்லை, உங்கள் குழந்தையைப் பார்க்கவும் இல்லை. குழந்தையைக் கையில் தூக்கிப் பார்த்த டாக்டரின் பேச்சும் என் பேச்சும் எங்காவது முட்டினால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிறந்த குழந்தை முதல் சில நாள் எடை குறைவது இயல்பு. 7 விழுக்காடு வரை யாரும் கவலைப்படுவதில்லை. 10-ஐ நெருங்கினால் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாலாம், ஐந்தாம் நாளில் குறைவது நின்று, அதன் பிறகு தினமும் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். உங்கள் குழந்தை 260 கிராம் குறைந்திருக்கிறாள், ஏறத்தாழ 9 விழுக்காடு. மூன்றாம் நாளில் இதே எண்ணைப் பார்த்திருந்தால் "நாளைக்கு மறுபடி எடை போடுவோம்" என்று சொல்லியிருப்பேன். 9-ஆம் நாளில் அப்படிச் சொல்ல மாட்டேன். சிசேரியனில் தாய்க்கு நிறைய டிரிப் ஏறினால் குழந்தையின் உடம்பிலும் கொஞ்சம் நீர் கூடி, பிறந்த எடை உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் சிறுநீரும் அதே கதையைத்தானே சொல்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். மலம் தார் மாதிரிக் கருப்பிலிருந்து பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் கடுகை அரைத்த மாதிரி மஞ்சளாகியிருக்க வேண்டும். இன்னும் கரும்பச்சையாகவே போனாலோ, துணியில் செங்கல் பொடி மாதிரிச் சிவந்த கறை படிந்தாலோ, உள்ளே போவது குறைவு என்று அர்த்தம். அந்தச் செங்கல் கறை முதல் இரண்டு நாளில் இருந்தால் பரவாயில்லை. இப்போது இருக்கக் கூடாது.

இனி, பால் போதவில்லை என்பதற்குச் சாட்சியே ஆகாத சில விஷயங்கள். பம்பில் வந்த 15 மில்லி அதில் முதலாவது. குழந்தை குடித்து முடித்த பிறகு, பயத்தோடும் தையல் வலியோடும் மெஷினை வைத்தால் 15 மில்லி வருவதே பெரிய விஷயம். நன்றாகச் சப்பும் குழந்தை எடுக்கும் அளவை எந்த பம்பும் எடுக்காது. மார்பு மெத்தென்று இருப்பது, பால் தானாக ஒழுகாமல் இருப்பது, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை குழந்தை மார்பை விடாமல் அழுவது, மார்பில் குடித்த பிறகும் புட்டியை வாயில் வைத்தால் மடமடவென்று குடிப்பது, இவை எதுவும் கணக்கில் வராது. வாயில் ரப்பரை வைத்தால் வயிறு நிறைந்த குழந்தையும் சப்பும். வார்டில் இரண்டாம் நாள் ராத்திரி எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அழும். அந்த ராத்திரி "சிஸ்டர், பால் பத்தலை" என்று வராத பாட்டியே கிடையாது. அவர்களில் பெரும்பாலோருக்கு நான் பவுடர் பால் கொடுக்க விடவில்லை. உங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். அழுகையையோ பம்பையோ பார்த்து அல்ல, தராசையும் துணியையும் பார்த்து.

அடுத்த பத்தியை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். குழந்தை பாலுக்குக்கூட எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், மார்பில் வைத்ததும் இரண்டு சப்பில் சோர்ந்துபோனால், எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால், உடம்பு சுட்டாலோ சில்லென்று இருந்தாலோ, உச்சிக்குழி பள்ளமாக இறங்கினாலோ, உடம்பின் மஞ்சள் நிறம் கால் பாதம் வரை இறங்கினாலோ, வெட்டு (வலிப்பு) வந்தாலோ, இந்தப் பதிலை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். "சமர்த்தாத் தூங்குறா, தொந்தரவே இல்லை" என்று சொல்லித் தூக்கி வந்த குழந்தைகளில் சில, ரத்தத்தில் உப்பு ஏறி, நீர்ச்சத்து வற்றிப்போய் வந்தவை. பால் போதாத குழந்தை எப்போதும் அழுதுகொண்டுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அழத் தெம்பில்லாமல் தூங்குவதுதான் அதில் ஆபத்தானது.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். மார்பும் அப்படித்தான். குழந்தை சப்பும்போது மூளையிலிருந்து வரும் ஹார்மோன்கள் பாலை ஊற வைக்கின்றன, இறக்கிவிடுகின்றன. பால் உள்ளேயே தேங்கி நின்றால், "போதும், நிறுத்து" என்று மார்பே தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஆக, பவுடர் பாலில் தாய்ப்பாலை வற்றச் செய்யும் விஷம் எதுவும் இல்லை. பவுடர் பால் குடித்து வயிறு நிரம்பிய குழந்தை நாலு மணி நேரம் தூங்குகிறது, அந்த நாலு மணி நேரமும் மார்பு காலியாவதில்லை. வற்றுவது அதனால்தான். இதைப் பிடித்துக்கொண்டால் வழி தெரிந்துவிடும். குழந்தை எப்போதும் முதலில் மார்புக்கு. பிறகு அளந்த கூடுதல் பால். அப்புறம் மார்பில் மிச்சமிருப்பதைப் பீய்ச்சி எடுப்பது. பவுடர் பாலை மருந்து மாதிரி நினையுங்கள். இத்தனை மில்லி, இத்தனை வேளை, இந்தத் தேதியில் மறுபடி எடை பார்த்து மாற்றுவது என்று மூன்றும் இருக்க வேண்டும். தேதி இல்லாமல் ஆரம்பித்த வீடுகளில்தான் ஒரு மாதத்தில் முழுப் புட்டியாக மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை மில்லி? டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அதேதான். கணக்கு எப்படிப் போடுகிறோம் என்று மட்டும் சொல்கிறேன். முதல் வாரம் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி. 2.640 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 400 மில்லி. இதில் பாதி மார்பிலிருந்து போகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 200. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 25 மில்லி. அதனால்தான் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லியில் ஆரம்பிப்போம். அந்த "பாதி" என்பது உத்தேசம்தான். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் 2 கிராம், 5 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் தராசில், அதே துணியோடு, பால் குடிக்கும் முன்னும் பின்னும் எடை போட வேண்டும். 30 கிராம் ஏறினால் 30 மில்லி குடித்திருக்கிறாள். குழந்தைகள் பிரிவு இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் கேட்டால் செய்து தருவார்கள். ஒரு வேளையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். காலையில் 45 எடுத்த குழந்தை சாயங்காலம் 15 எடுக்கும்.

கூடுதல் பால் என்றாலே பவுடர் பால் என்று இல்லை. தாய் பீய்ச்சி எடுத்த பால்தான் முதல். அந்த 15 மில்லியைக் கொட்டிவிடவில்லைதானே? அதை முதலில் கொடுங்கள், குறைகிற அளவுக்கு மட்டும் பவுடர் பால். இரண்டாவது, வேறு தாய்மார் தானமாகக் கொடுத்த, பரிசோதித்துப் பதப்படுத்திய பால். 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆரம்பித்ததுதான் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. இப்போது சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பாதுகாத்த பால் அது. ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கும்தான் முன்னுரிமை. வீட்டில் இருக்கும் நிறைமாதக் குழந்தைக்குக் கிடைப்பது கஷ்டம். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுத் தாயிடம் வாங்கி அப்படியே கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பரிசோதனை இல்லாமல் வேண்டாம்.

சரி, நீங்கள் கேட்ட கேள்வி. எந்த பவுடர்? நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு, "1" என்று போட்ட, பிறந்ததிலிருந்து 6 மாதம் வரைக்கான எந்த டப்பாவும் சரிதான். எல்லாமே அரசு வகுத்த ஒரே தரத்துக்குள் வர வேண்டியவை. விலை இரண்டு மடங்கு என்பதால் குழந்தை இரண்டு மடங்கு ஏறிவிடாது. 1992-இல் வந்த சட்டத்தின்படி நம் நாட்டில் இந்தப் பாலையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யவே கூடாது. அதனால் யாராவது ஒரு பிராண்டைத் தூக்கிப் பிடித்தால் ஏன் என்று கேளுங்கள். சின்ன டப்பாவாக வாங்குங்கள். பெரிய டப்பா வாங்கினால் தீர்க்க வேண்டும் என்றே கொடுக்கத் தோன்றும்.

கலக்குவதில்தான் தப்பு நடக்கிறது. கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே பவுடரைக் கலக்க வேண்டும். பவுடர் பால் கிருமியே இல்லாத பொருள் அல்ல. அந்தச் சூடுதான் அதில் இருக்கக்கூடிய கிருமியைக் கொல்லும். கலக்கிய பிறகு கிண்ணத்தைத் தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. நம் ஊரில் பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன், அதுவும் அந்த டப்பாவோடு வந்த ஸ்பூன், தலையைத் தட்டிச் சமமாக்கியது. உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை 20 நாள் குழந்தை ஒன்று வெட்டு வந்து எங்கள் பிரிவுக்கு வந்தது. ரத்தத்தில் சோடியம் மிகக் குறைவு. "கெட்டியாக் கொடுத்தா செரிக்காதுன்னு ரெண்டு பங்கு தண்ணி விட்டேன்" என்றார் பாட்டி. அன்பில் செய்ததுதான். நாலு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்தது. கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள். குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததையும் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

எதில் கொடுப்பது? என் ஓட்டு பாலாடைக்கு. மூக்கு நீட்டிய அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்றைக்கும் பெரிய பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறோம். ஸ்டீலில் வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போடுங்கள். வெள்ளிச் சங்கு இருந்தால் அதுவும் சரி, மூக்குக்குள் பால் காய்ந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பாட்டிமார் காலை நீட்டி, குழந்தையை அதில் மல்லாக்கப் போட்டு, சங்கை வாயில் கவிழ்ப்பார்களே, அது மட்டும் வேண்டாம். புரையேறும். குழந்தையைத் துணியில் சுற்றி, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வையுங்கள். தலையை உங்கள் இடது கை தாங்கட்டும். பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின் ஓரத்தில் வைத்துச் சாயுங்கள், பால் உதட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். நாக்கை நீட்டி அவளே எடுப்பாள். தொண்டை அசைந்து விழுங்கிய பிறகு அடுத்த சாய்ப்பு. 25 மில்லிக்குக் கால் மணி நேரம் ஆகும். முதல் நாள் பாதி கழுத்தில்தான் வழியும், பயப்பட வேண்டாம். புட்டி கொடுத்தால் குழந்தை குழம்பி மார்பை மறுக்கும் என்பதை நான் பல வருடம் சத்தியமாகச் சொல்லி வந்தேன். ஆய்வுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. சில குழந்தைகள் மறுக்கின்றன, சில இரண்டையும் கலங்காமல் எடுத்துக்கொள்கின்றன. எனவே ராத்திரி மூன்று மணிக்கு வேறு வழியில்லாமல் புட்டியில் கொடுத்துவிட்டால் பாவம் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் புட்டியைச் சுத்தமாக வைப்பது பாலாடையைவிடப் பல மடங்கு வேலை.

இனி முக்கியமான வேலை, பாலைக் கூட்டுவது. இதில் எந்த மாத்திரைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது குழந்தை மார்பைப் பிடிக்கும் விதம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் அது வெறும் சப்பல். வாய் ஆவென்று திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் கீழ்ப்பகுதி பெரும்பாலும் உள்ளே போய், கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கி, மோவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். முதலில் வேகமாகச் சப்புவாள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது மெதுவாகி, மோவாய் இறங்கி ஒரு கணம் நின்று, "க்" என்று மெல்லிய சத்தம் வரும். அந்த நிறுத்தம்தான் ஒரு வாய்ப் பால். நிறுத்தமே இல்லாமல் முக்கால் மணி நேரம் சப்பினாலும் அது குடித்ததாகாது. குடித்து முடித்து வெளியே வரும் காம்பு புது லிப்ஸ்டிக் மாதிரிச் சாய்வாக நசுங்கியிருந்தாலோ வலித்தாலோ பிடிப்பு சரியில்லை. சிசேரியன் தையல் உள்ளவர்கள் குழந்தையை வயிற்றின் மேல் வைத்துக் கொடுக்கத் திணறுவார்கள். குழந்தையின் உடம்பைக் கக்கத்துக்கு அடியில் இடுக்கி, கால் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்தால் தையலில் படாது. ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பால் கொடுப்பதற்காக நிறுத்த வேண்டாம். வலி பால் இறங்குவதையே தடுக்கும்.

இன்றிலிருந்து 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மார்பு. இரண்டரை மணி நேரமாகியும் எழவில்லை என்றால் நீங்கள் எழுப்புங்கள், துணியை அவிழ்த்து உள்ளங்காலை வருடினால் எழுவாள். குடிப்பது நின்றுபோகும்போது மார்பை நாலு விரலும் கட்டைவிரலும் சேர்த்து மெல்ல அழுத்திப் பிடித்தால் பால் மறுபடி வந்து சப்ப ஆரம்பிப்பாள். ஒரு பக்கம் சோர்ந்தால் மறுபக்கம், அப்புறம் திரும்ப முதல் பக்கம். நடுநடுவே டயபர் மட்டும் கட்டிய குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அரைத்தூக்கத்தில் குழந்தை தானே மார்பைத் தேடிப் போவதை நீங்களே பார்ப்பீர்கள். ராத்திரி வேளையைத் தவற விடாதீர்கள். பாலை ஊற வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. குடித்து முடித்த பிறகு ஒவ்வொரு பக்கமும் 10 நிமிடம் பீய்ச்சட்டும். கையால் பீய்ச்சுவதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் பம்ப் விட்டு வைத்ததைக் கை எடுக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்துக்குச் சற்று வெளியே எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். தோலில் தேய்க்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மூன்று, நாலு நாள் விடாமல் செய்த பிறகே அளவு மாறத் தொடங்கும். இரண்டாவது நாளே "பிரயோஜனமில்லை" என்று பம்பை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எடுத்த பால் நம் ஊர் வெக்கையில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் அல்ல.

ஏன் குறைந்தது என்றும் தேட வேண்டும். சிசேரியன், முதல் பிரசவம், சர்க்கரை, அதிக எடை, பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனது, இவை எல்லாம் பால் நிறைய ஊறத் தொடங்குவதை ஓரிரு நாள் தள்ளிப்போடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். எனவே உங்கள் வீட்டில் நடப்பது அதிசயம் இல்லை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப்போக்கு இன்னும் கட்டி கட்டியாக, அதிகமாகப் போகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கினால்கூட உடம்பு இன்னும் கர்ப்பத்தில் இருப்பதாக நினைத்துப் பாலை நிறுத்தி வைக்கும். அப்படி ஒரு பெண்ணை 12-ஆம் நாள் ஸ்கேனுக்கு அனுப்பி, அந்தத் துண்டை எடுத்த மூன்றாம் நாள் ரவிக்கை நனைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்ப காலத்தில் மார்பு கொஞ்சமும் பெரிதாகவில்லை, மார்பில் எப்போதோ ஆபரேஷன் நடந்தது, சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு, இப்படி ஏதாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜலதோஷ மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் பாலைக் குறைக்கும், கடையில் சும்மா வாங்கிப் போட வேண்டாம். என்ன செய்தாலும் முழுப் பால் வராத பெண்கள் உண்டு. அவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். "எல்லாப் பெண்ணுக்கும் பால் வரும், மனசு வைக்கணும்" என்று வார்டில் நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அதற்கு வெட்கப்படுகிறேன்.

சாப்பாட்டு விஷயம். பூண்டைப் பாலில் வேக வைத்துக் கொடுப்பது, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி என்று உங்கள் இரண்டு அம்மாக்களும் பட்டியல் வைத்திருப்பார்கள். தாராளமாகச் சாப்பிடட்டும், சத்தான சாப்பாடுதான். பால் கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், இந்த வழியில் அது வந்துவிடும். இவை பாலைக் கூட்டுமா? வெந்தயத்தையும் முருங்கையையும் வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன, சிலவற்றில் கொஞ்சம் கூடியது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. சுறாவுக்கு என் பாட்டி சாட்சி, வேறு சாட்சி இல்லை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது மட்டும் தப்பு. தையல் சீழ் வைக்கும் என்று ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கெஞ்ச விடுவார்கள். தாகத்துக்குக் குடிக்கட்டும். அதற்காகக் குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது. தலையில் வைக்கிற மல்லிகைப்பூவுக்குப் பயப்பட வேண்டாம். பால் நிறுத்த மார்பில் வைத்துக் கட்டுவார்களே, அது வேறு. அதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது, பூ வேலை செய்தது. டாம்பெரிடோன் மாத்திரை சிலருக்குப் பாலைக் கூட்டுகிறது, அதிகமும் குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் பார்த்த ஆய்வுகள் அவை. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதைப் பாலுக்காகப் போட வேண்டாம் என்று எச்சரித்தது. நம் ஊரில் டாக்டர்கள் எழுதுகிறார்கள். இதய நோய் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்து டாக்டர் எழுதினால் சரி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது சரியில்லை. கழுதைப்பால், தேன், சர்க்கரைத் தண்ணீர், தண்ணீர் கலந்த பசும்பால், உரை மருந்து, இவை எதுவும் குழந்தையின் வாயில் படக் கூடாது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருபவர் எவ்வளவு உருக்கமாகக் கூவினாலும் சரி.

மார்பு, கூடுதல் பால், பீய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் ஒரு வேளைக்கு ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சம். வயிறு கிழித்த பெண்ணால் இதைப் பத்து நாளுக்கு மேல் தனியாக இழுக்க முடியாது. அதனால் நடு வேலை உங்களுடையது, தம்பி. பவுடர் கலக்குவது, பாலாடையில் ஊட்டுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, பாத்திரம் கொதிக்க வைப்பது எல்லாம் நீங்கள். அந்த நேரத்தில் அவர் பீய்ச்சிவிட்டுப் படுக்கட்டும். அப்படியும் முடியவில்லை என்றால் ராத்திரி ஒரு பீய்ச்சலை விட்டுவிடலாம், குடி முழுகாது. குழந்தை பார்க்க வருபவர்கள் "பால் இருக்கா?" என்று கேட்பதற்கு முன்னால் வாசலிலேயே பேச்சை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் அது பால் பிரச்சினை இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற மாதிரி ஏதாவது சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துப் போங்கள்.

ஒரு தாளில் கோடு போட்டு நேரம், மார்பு, கூடுதல் மில்லி, சிறுநீர், மலம் என்று குறித்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். இன்றிலிருந்து இரண்டாம் நாள் அதே தராசில் எடை. 40 கிராமுக்குக் குறைவாக ஏறியிருந்தால் தாளோடு டாக்டரிடம் போய் மில்லியைக் கூட்டுவது பற்றிக் கேளுங்கள். தினமும் 30 கிராம் வீதம் ஒரு வாரம் ஏறி, துணியும் ஆறேழு நனைந்து, பீய்ச்சும் பாலும் கூடினால், அவரைக் கேட்டுக்கொண்டு வேளைக்கு 5 மில்லி குறையுங்கள். காலை வேளையில் மார்பு நிறைந்திருக்கும், முதலில் அங்கே குறைப்பது எளிது. சாயங்கால வேளையைக் கடைசியில் விடுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்த 5. சில வீடுகளில் மூன்று வாரத்தில் டப்பாவை மூடிவிட்டார்கள், சிலர் ஆறு மாதமும் பாதிப் பாதி ஓட்டினார்கள். அந்தப் பாதியும் தாய்ப்பால்தான். அந்த இரண்டாம் நாள் எடை போட்டதும் இங்கேயே எண்ணை எழுதுங்கள், பார்க்கிறேன். அதற்குள் நாலு துணிகூட நனையவில்லை என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.